பழைய மரச் சாமான்களுக்கு அலங்காரப் பெயின்ட்: சுரண்டுவதிலிருந்து கடைசிப் பூச்சு வரை முழுமையான வழிகாட்டி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கையில் கிடைக்கிற எல்லாப் பழைய மரச் சாமானுக்கும் பெயின்ட் அடிக்கக் கூடாது. நல்ல தேக்கிலோ ஈட்டியிலோ செய்த நாற்காலி, ரேகை தெளிவாக, உளுத்துப்போகாமல் இருந்தால் அதைச் சுத்தம் செய்து பாலிஷ் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தால் போதும், பழைய பர்மா தேக்கின் மேல் நீல பெயின்ட் பூச யாருக்கும் கை வராது. அப்படியே பூசிவிட்டாலும் ரேகைக்குள் இறங்கிய பெயின்டைத் திரும்ப எடுப்பது பூசியதைவிடப் பல மடங்கு வேலை.

அலங்காரப் பெயின்ட் வேறு வகைச் சாமான்களுக்கானது. சட்டம் தேக்கு, கதவு பலா, முதுகுப் பலகை பிளைவுட் என்று மூன்று மரம் கலந்தது, இஸ்திரிப் பெட்டியோ ஊதுபத்தியோ சுட்ட தழும்பு உள்ளது, வண்டு துளைத்த இடத்தை யாரோ ஏற்கெனவே அடைத்து வைத்தது, வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு கோட் என்று பழுப்பு எனாமல் ஏறி ஏறித் தடித்துப்போனது. இவற்றுக்கெல்லாம் பாலிஷ் போட்டால் குறைதான் பளிச்சென்று தெரியும். பெயின்ட் அடித்தால் இன்னும் முப்பது வருஷம் வீட்டில் நிற்கும்.

எது என்ன மரம் என்று கண்டுபிடிக்க சாமானைக் கவிழ்த்துப் போடுங்கள், இழுப்பறையை வெளியே எடுங்கள். பூச்சே காணாத ஒரு மூலை எங்காவது இருக்கும், அங்கே பிளேடால் லேசாகச் சுரண்டினால் பொன்பழுப்பு நிறமும் தோல் மாதிரி ஒரு வாசனையும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் வந்தால் தேக்கு. கனமாக, கருஞ்சிவப்பில் ஊதா ஓடினால் ஈட்டி. மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் பலா. மற்றபடி வேம்பு, மா, பூவரசு என்று எதுவாக இருந்தாலும் பெயின்டுக்குத் தயங்க வேண்டாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே சாமானை வைத்துச் சொல்கிறேன். அத்தை வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த அலமாரி: ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டு கதவு, தலையில் கொடி செதுக்கிய ஒரு பட்டை, மேல்தட்டில் பல வருஷம் சாமி படம் இருந்த அடையாளமாக மஞ்சள், குங்குமக் கறை. மேலே பழுப்பு எனாமல். நம் ஊரில் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இந்த மாதிரி ஒன்று மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும்.

எந்த மாசத்தில் ஆரம்பிப்பது

ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், அப்போது பூசிய பெயின்ட் மாசியில் மரம் சுருங்கும்போது இணைப்புகளில் கோடு கோடாக வெடிக்கும். தை முதல் பங்குனி வரை அருமையான காலம். சித்திரை வெயிலிலும் செய்யலாம், ஆனால் நிழலில் வைத்துத்தான், சூடேறிய பலகையில் பெயின்ட் பட்டதும் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கொப்புளம் கட்டும்.

ஈயம்: இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்

இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளும் கிட்டே வரக் கூடாது. அதனால் பழைய எனாமலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மெஷின் வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். தண்ணீர் தெளித்து, தண்ணீர் தாங்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் போட்டு, ஈரமாகவே தேய்த்து, வருகிற சேற்றைப் பழந்துணியில் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். நல்ல என்95 முகக்கவசம் வேண்டும், கைக்குட்டை கட்டினால் போதாது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு, வேலை முடிந்ததும் ஈரத்துணி போட்டுத் துடைத்தல், பெருக்கக் கூடாது, வேலைக்குப் போட்ட துணியைத் தனியாகத் துவைத்தல். பெயின்டைத் தீ காட்டி உரிக்கிற ப்ளோ லாம்ப் பக்கமே போகாதீர்கள், அந்தப் புகையில் ஈயம் வரும். பழைய பெயின்ட் அடித்த தொட்டிலாக இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள், அதை நீங்களாகச் சுரண்ட வேண்டாம், குழந்தைக்கும் போட வேண்டாம்.

மேலே இருப்பது என்ன பூச்சு?

பெயின்ட் உரிந்து வருவதற்குப் பாதிக் காரணம் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடித்ததுதான். கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிஷம் வையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டி வந்தால் அது அரக்கில் போட்ட பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, ஆனால் தின்னருக்குக் கரைந்து பஞ்சில் வருகிறது என்றால் என்.சி. லாக்கர். தின்னர் பட்டுச் சுருக்கம் விழுந்தாலோ ஒன்றுமே ஆகாவிட்டாலோ எனாமல் அல்லது பியூ (பாலியூரித்தேன்) வகை.

எனாமலாக இருந்தால் முழுக்க உரிக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு கீறல் போட்டு, அதன் மேல் பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு சதுரம் சதுரமாகப் பெயின்ட் வந்தால் அந்தப் பகுதி முழுக்க எடுத்தாக வேண்டும். சுத்தமாக வந்தால் பழைய பூச்சு மரத்தை நன்றாகப் பிடித்திருக்கிறது, அதையே அஸ்திவாரமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் அலமாரியில் கதவு பிடித்திருந்தது, கால் நான்கும் உரிந்து வந்தது. தரை துடைக்கும் தண்ணீர் படுகிற இடம் எப்போதும் அப்படித்தான் ஆகும்.

உரிக்க வேண்டிய இடத்துக்குப் பெயின்ட் ரிமூவர் போதும், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு. காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றித் தேய்க்கிற வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. தேக்கை அது கறுப்பாக்கும், பழைய பசையை இளக்கி இணைப்புகளைத் தளர்த்தும், மரத்துக்குள் தங்கிய காரம் பிறகு அடிக்கிற பெயின்டையும் தின்னும்.

கழற்றுவது, கழுவுவது

கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீலோடு சேர்த்துப் பெயின்ட் அடித்த அலமாரியைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பெயின்டில் மூழ்கிப்போன திருகாணி என்றால் தலையில் உள்ள காடியைப் பிளேடால் சுத்தம் செய்துவிட்டு, திருப்புளியை வைத்துப் பின்னால் ஒரு தட்டு தட்டிய பிறகு திருப்புங்கள். கதவு வாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்தக் கீல் எங்கே என்று எழுதி வையுங்கள், பழைய கீல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். துருப்பிடித்த இரும்புத் திருகாணிகளை மட்டும் மறுபடி போட வேண்டாம், தேக்கில் உள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் கறுப்புக் கறை கிளம்பும்.

அப்புறம் கழுவுதல். சமையல் புகை, எண்ணெய்க் கை, பல வருஷத்துப் பாலிஷ் எல்லாம் சேர்ந்த பிசுக்கு இருக்கிற வரை எந்த பிரைமரும் ஒட்டாது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து, துணியைப் பிழிந்து துடையுங்கள், பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர்த் துணி. தண்ணீரை ஊற்றக் கூடாது, பிளைவுட் முதுகு உப்பிவிடும். மஞ்சள் கறை பட்ட தட்டைக் கழற்றி நாலைந்து நாள் வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, தானாக வெளுக்கும். குங்குமம் அப்படிப் போகாது, அதற்கு வேறு வைத்தியம் கீழே வருகிறது.

பழுது பார்ப்பது

ஆடுகிற காலுக்கு மேலேயே ஃபெவிகாலை ஊற்றுவதால் ஒரு பயனும் இல்லை. இணைப்பைக் கழற்றி, உள்ளே உள்ள பழைய பசையை உளியால் சுரண்டி மரம் தெரியும்படி செய்த பிறகுதான் புதுப் பசை பிடிக்கும். கிளாம்ப் இல்லையென்றால் இரண்டு கால்களையும் சேர்த்துக் கயிற்றை இரட்டையாகச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள், கிளாம்ப் கொடுக்கிற அழுத்தம் அப்படியே கிடைக்கும். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள்.

சின்னத் துளைகளுக்கு மெல்லிய மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்த பசை, விளிம்பு உடைந்த இடத்துக்கு எம்-சீல் மாதிரி எபாக்சி, பரந்த பள்ளத்துக்கு மர லப்பம். சுவருக்குப் போடுகிற வெள்ளைச் சிமென்ட் பட்டியை மரத்தில் போடாதீர்கள், போட வருகிறவர்கள் ஒன்றும் ஆகாது என்பார்கள், ஆனால் மரம் விரிந்து சுருங்குகிற அளவுக்கு அது வளைந்துகொடுக்காது, ஒரே வருஷத்தில் பொருக்காகக் கழன்று விழும்.

துளைக்குக் கீழே மாவு மாதிரி புதுத் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் அடைத்துப் பெயின்ட் அடித்தால் அது வேறு பக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மரத்துக்கான பூச்சிமருந்துத் திரவத்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு துளைக்குள்ளும் செலுத்தி, பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டி வைத்து, சில வாரம் கழித்துத் தூள் வரவில்லை என்று உறுதியான பிறகு மேற்கொண்டு போங்கள்.

தேய்ப்பது, கறையைப் பூட்டுவது

பிடிமானமுள்ள பழைய பூச்சை 180ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும். வெறும் மரமாகிவிட்ட இடத்தில் 120, பிறகு 180, பிறகு 220. எப்போதும் ரேகை ஓடுகிற திசையில்தான். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண் ஏமாறும், கை ஏமாறாது. தேக்கு வெளியே தெரிகிற இடத்தைப் பிரைமர் அடிப்பதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள், அதன் எண்ணெய் மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும்.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேக்கு, பலா இரண்டுமே நிறம் கசியும் மரங்கள். பலாக் கட்டையைக் கொதிக்க வைத்து எடுத்த சாயத்தில்தான் பௌத்த பிக்குகளின் துவராடைக்கே நிறம் ஏற்றினார்கள் என்றால் அந்த மரத்துக்குள் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரடியாகத் தண்ணீர் கலந்த வெள்ளை பெயின்ட் அடித்தால் மறுநாள் காலையில் டீ சிந்திய மாதிரி திட்டுத் திட்டாக மேலே வந்து நிற்கும், நாலு கோட் அடித்தாலும் வரும். இதற்குப் பழைய மருந்து அரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 முதல் 200 கிராம் அரக்குச் செதிலைப் போட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள், அடியில் மங்கலாக மெழுகு தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்து இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள். அரை மணியில் காய்ந்துவிடும். குங்குமக் கறை, முடிச்சுகள், சுட்ட தழும்பு எல்லாவற்றையும் இது பூட்டிவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பங்கரைப் பக்கம் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அதற்கு மேல் ஒரு கோட் மர பிரைமர். காய்ந்ததும் 320ஆம் நம்பர் தாளால் லேசாக ஒரு தடவு. இதுவரை சொன்னது எல்லாம் சேர்த்து வேலையில் முக்கால் பங்கு, அழகுக்கான பகுதி இனிமேல்தான்.

பெயின்ட், அளவு, நிறம்

அலங்கார வேலைக்குப் பளபளப்பில்லாத, தண்ணீரில் கலக்கும் மேட் எமல்ஷன் வசதியானது. நாற்றம் குறைவு, சீக்கிரம் காயும், ஒரே நாளில் இரண்டு மூன்று அடுக்கு போகலாம். எங்கள் அலமாரியின் வெளிப்பரப்பு முன்பக்கம் 15, பக்கவாட்டு இரண்டும் 15, தலை நாலரை என்று ஏறக்குறைய 35 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குத் தாராளமாக 100 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு அடிநிறம் ஒரு லிட்டர், மேல்நிறம் ஒரு லிட்டர் வாங்கினால் மீதியே இருக்கும்.

சாக் பெயின்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 1990இல் கொண்டுவந்தது, அந்தப் பெயரே அவருடைய வணிகக் குறி. அந்த மாதிரி சுண்ணாம்புத் தன்மையுள்ள தோற்றம் வேண்டுமென்றால் மூன்று கப் எமல்ஷனுக்கு ஒரு கப் சாக் பவுடர் எடுத்து, பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துவிட்டு, பெயின்டோடு கலந்து வடிகட்டுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடச் சொல்கிறவர்கள் உண்டு, அது டப்பாவிலேயே இறுகிவிடும். சாக் கலந்த பெயின்டை உப்புத்தாளால் உரசி உரித்தெடுப்பது சுலபம், அதனால்தான் அடுத்து வரும் உத்திக்கு அது பொருத்தம்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அடங்கி நின்றால்தான் இன்னொன்று எடுக்கும். கீழே அரக்குச் சிவப்பு, மேலே மயில்கழுத்து நிறம் நன்றாக இருக்கும். கீழே காவி, மேலே சுண்ணாம்பு வெள்ளை எந்த அறைக்கும் ஒத்துப்போகும். கீழே கரும்பச்சை வைத்து மேலே மாம்பழ மஞ்சள் கொடுத்தால் சின்ன சாமானுக்கு அழகு, ஐந்தடி அலமாரிக்குக் கண் வலிக்கும்.

மெழுகு தேய்த்து அடிநிறத்தை வெளியே கொண்டுவருவது

எனக்குப் பிடித்த உத்தி இதுதான், புதிதாகச் செய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அடிநிறத்தை இரண்டு கோட் கொடுத்து முழுக்கக் காய விடுங்கள். பிறகு சாதாரண வெள்ளை மெழுகுவத்தியை எடுத்து, கைபட்டுத் தேயக்கூடிய இடங்களில் மட்டும் அழுத்தித் தேயுங்கள். உதிரும் மெழுகுத் துணுக்குகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மேல்நிறத்தை இரண்டு கோட் அடியுங்கள். மெழுகு இருக்கிற இடத்தில் மேல்பெயின்ட் பிடிக்காது, ஆகவே காய்ந்ததும் 220ஆம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி லேசாக உரசினால் அங்கே மட்டும் செதில் செதிலாகக் கழன்று அடிநிறம் எட்டிப் பார்க்கும்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரு கதவு நிஜமாகவே எங்கே தேயும் என்று யோசியுங்கள். கைப்பிடிக்குச் சற்று மேலே, விரல் நகம் படுகிற இடம். திறக்கிற பக்கத்து விளிம்பின் நடுப்பகுதி. கீழ் மூலை, கால் இடிக்கிற உயரம். முன்கால்களின் முன்முகம். கீல் பக்கத்து விளிம்பு தேயவே தேயாது, தலைப்பட்டையின் மேல் விளிம்பை யாரும் தொடுவதில்லை. எல்லா விளிம்பையும் ஒரே அளவில் சுரண்டினால் கடையில் வாங்கிய போலிப் பழசு மாதிரி ஆகிவிடும். இடது கதவைவிட வலது கதவு கொஞ்சம் அதிகம் தேய்ந்திருக்கட்டும், நம் வீட்டில் பெரும்பாலும் முதலில் திறக்கிற கதவு அதுதானே. உரசி முடித்ததும் மிச்ச மெழுகைத் துணியால் நன்றாகத் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் கடைசிப் பூச்சும் அங்கே பிடிக்காது.

வெடிப்பு விழ வைப்பது

கிராக்கிள் என்று தனியாக விற்கிறார்கள், வெள்ளை ஃபெவிகாலே போதும். அடிநிறம் காய்ந்த பிறகு ஃபெவிகாலை பிரஷ்ஷால் சீராகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் வயல் வெடிப்பு போலப் பெரிதாகவும், மெல்லிசாகப் பூசினால் மயிரிழையாகவும் வெடிக்கும். பிறகு காத்திருக்க வேண்டும்: விரல் வைத்தால் ரேகை பதிய வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. காற்றின் ஈரத்தைப் பொறுத்து ஏறக்குறைய அரை மணி ஆகும். அந்தப் பதத்தில் மேல்நிற மேட் எமல்ஷனை ஒரே திசையில், ஒரே இழுப்பில் போடுங்கள். போட்ட இடத்தில் இரண்டாம் முறை பிரஷ் வைத்தால் பசையும் பெயின்டும் குழைந்து சேறாகிவிடும். கீழே பசை இன்னும் இளகி இருக்க, மேலே பெயின்ட் காய்ந்து சுருங்குவதால்தான் வெடிப்பு வருகிறது, ஆகவே மேல்பெயின்ட் சீக்கிரம் காய வேண்டும். சென்னை, கடலூர் மாதிரி கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் அது மெதுவாகக் காய்ந்து வெடிப்பே விழாமல் போவது உண்டு, ஃபேனைத் திருப்பிவிடுங்கள் அல்லது ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பளபள எமல்ஷன் இதற்கு ஆகாது, அது ரப்பர் மாதிரி இழுபடும், வெடிக்காது.

முழு அலமாரிக்கும் இதைச் செய்யாதீர்கள். இரண்டு கதவின் நடுப்பலகையில் மட்டும் செய்தால் போதும், சுற்றிச் சட்டம் அமைதியாக இருக்கட்டும். பசை தண்ணீர் பட்டால் மறுபடி இளகும் என்பதால் இதன் மேல் முதல் கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) கோட் தண்ணீர் கலந்ததாக இருக்கக் கூடாது.

செதுக்கல்களுக்கு நிழல் கொடுப்பது

கொடி செதுக்கிய தலைப்பட்டைக்கு ஒரே நிறம் அடித்தால் செதுக்கியவர் உழைப்பு தட்டையாகிப் போகும். முதலில் மேல்நிறம், அதன் மேல் மெல்லிய ஒரு கோட் மேட் கிளியர். இந்தக் கிளியரை விட்டுவிட்டால் அடுத்து வருகிற கருநிறத்தை மேட் பெயின்ட் உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தாலும் வராது. பிறகு கரும்பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீரில் கலக்கும் மேட் கிளியர் நாலு பங்கு, கொஞ்சம் தண்ணீர். ஓரடி நீளத்துக்கு மட்டும் பூசி, பள்ளங்களுக்குள் குத்தி இறக்கி, உடனே பழைய பனியன் துணியால் மேட்டிலிருந்து துடைத்தெடுங்கள். இலை நரம்பிலும் கொடி வளைவிலும் நிழல் தங்கி, மேடு தெளிவாக எழுந்து நிற்கும். இன்னும் வேண்டுமென்றால் பித்தளை நிற அக்ரிலிக்கை விரல் நுனியில் தொட்டு, செய்தித்தாளில் துடைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைப் பூவின் உச்சியில் மட்டும் தடவுங்கள். அதற்கு மேல் தங்கம் வேண்டாம்.

கோலமும் ஸ்டென்சிலும்

ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நன்றாக வெட்டுப்படும், வருஷக்கணக்கில் வரும். ஆத்தங்குடி ஓடுகளில் இருக்கிற பூ வடிவங்கள் கதவுப் பலகைக்கும் மேசைத் தலைக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்தும். ஸ்பாஞ்சில் தொட்ட பெயின்டை முக்கால்வாசி தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, குத்திக் குத்தி வையுங்கள், தேய்க்காதீர்கள்.

கோலம் போடுவதானால் முதலில் கணக்கு. நடுப்பலகை 12 அங்குல அகலம், ஏழு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை அங்குலம் என்றால் புள்ளிகள் 9 அங்குலம் எடுக்கும், சிக்கு வளைவு இருபுறமும் முக்கால் அங்குலம் வெளியே வரும், ஆக 10½, இரண்டு ஓரத்திலும் முக்கால் அங்குல இடைவெளி மிச்சம். புள்ளியைச் சாக்பீஸில் வையுங்கள், பென்சில் தடம் போகாது. கோட்டுக்கு அக்ரிலிக்கை மருதாணிக் கோனில் நிரப்பி இழுத்தால் ஒரே தடிமனில், லேசாகப் புடைத்து வரும். கோலம் போட்டுப் பழகிய கை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கடைசிப் பூச்சு

எமல்ஷனை அப்படியே விட்டால் கை அழுக்கு ஏறும், ஈரத்துணி பட்டால் தேயும். வெள்ளை, வெளிர்நீலம் மாதிரி நிறங்களுக்குத் தண்ணீரில் கலக்கும் பியூ மேட் கிளியர் இரண்டு கோட். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும், வெளிர்நீலம் பச்சையாகத் தெரிய ஆரம்பிக்கும். வெடிப்பு விழுந்த பலகைக்கு மட்டும், மேலே சொன்ன காரணத்தால், தின்னரில் கலக்கும் கிளியரை முதல் கோட்டாகக் கொடுங்கள். அந்தப் பலகைக்கு அழுத்தமான மேல்நிறமாக இருந்தால் மஞ்சள் தட்டுவதும் தெரியாது.

தேன்மெழுகு பூச்சு பார்க்க அழகு, தொட இதம், ஆனால் 62, 64 டிகிரியில் உருகுகிற பொருள் அது, மே மாச வெக்கையில் இளகித் தூசியைப் பிடிக்கும், சூடான டம்ளர் வைத்தால் வட்டம் விழும். அலமாரிக் கதவுக்குச் சரி, மேசைத் தலைக்கு வேண்டாம். இடையில் ஆளிவிதை எண்ணெய் எங்காவது பயன்படுத்தினால் அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்து, அப்புறம் எறியுங்கள்.

கிளியர் ஒரு மணியில் தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுசாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை கதவை ஒருக்களித்துத் திறந்தே வையுங்கள், இறுக்கி மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது பெயின்டைப் பிய்த்துக்கொண்டு வரும். தட்டுகளில் புத்தகத்தையோ பாத்திரத்தையோ அடுக்காதீர்கள். நாலு காலுக்கும் அடியில் ரப்பர் குமிழ் ஒட்டிவிடுங்கள், தரை துடைக்கிற தண்ணீர் மரத்தில் ஏறாது. மீந்த பெயின்டை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் ஒட்டி, அலமாரியின் அடித்தட்டிலேயே வைத்துவிடுங்கள், எங்காவது இடிபட்டுச் சிராய்ந்தால் தேடி அலைய வேண்டாம்.